இறக்கின கூரை: கொழும்பு அகழ்வு நாட்குறிப்பு

முதலாம் நாள்

யாழ்தேவி கோட்டை நிலையத்தில் இறக்கிவிட்டபோது காலிரண்டும் மரத்துப் போயிருந்தன. தோளில் ஒரு பை. அதற்குள் மாற்றுடுப்பு, தொப்பி, இரண்டு தூரிகை, பழைய துணியில் சுற்றிய சாந்தகப்பை. வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் பத்து நாள் தங்கல்.

"மண் கிண்டத்தானே போறாய்? அதுக்கேன் பிள்ளை யாழ்ப்பாணத்திலயிருந்து இங்க வரோணும்?" என்று சித்தி கேட்டா. நியாயமான கேள்விதான். கொட்டாஞ்சேனைப் பக்கம், வூல்பெண்டால் தேவாலயத்துக்குக் கீழே இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு பழைய வீடு இருக்கிறது. உரிமையாளர் அதைத் திருத்தப் போகிறார். முன்பக்கம் ஆட்கள் புழங்கிய இடம். பின்னாலுள்ள ஓர் அறை மட்டும் யன்னல் கட்டு வரைக்கும் மண் நிறைந்து கிடக்கிறது. திருத்தவேலை தொடங்குமுன் அந்த அறையை முறைப்படி தோண்டிப் பதிய வேண்டும். ஆட்கள் குறைவு என்றார்கள். நான் வருகிறேன் என்றேன்.

"பொன் கிடைச்சால் சொல்லு" என்றுவிட்டு சித்தி இடியப்பம் வைத்தா.

இரண்டாம் நாள்

100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை. அங்கிருந்து நடை. போகிற வழியில் கைமன் வாசல் மணிக்கோபுரம். பழைய அகழியில் முதலைகள் கிடந்ததால் ஒல்லாந்தர் வைத்த பெயர் அது. அகழியும் இல்லை, வாசலும் இல்லை. மணி மட்டும் நிற்கிறது. கொழும்பின் கோட்டை மதில்களையும் ஆங்கிலேயர் 1869 அளவில் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கோட்டை என்ற பெயரைத்தான் நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வேலைத்தலத்தில் பத்துப்பேர். பொறுப்பாக நிற்பவர் அக்கரைப்பற்று அக்கா ஒருவர். சிங்கள மாணவர்கள் இருவர், கூலிக்கு வந்தவர்கள் சிலர், அவர்களோடு ஒரு மேசன் பாஸ். பாஸுக்கு அறுபது வயதுக்கு மேல். தகப்பன் ஹற்றன் பக்கத்திலிருந்து வந்தவராம். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஜிந்துப்பிட்டி. நாற்பது வருடமாகப் பழைய வீடு கட்டியும் இடித்தும் வாழ்ந்த மனிதர். மதில் சரிந்து விழாமல் முட்டுக்கொடுக்கத்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

காலையில் கருவிகளை எண்ணி எழுதியபோது ஒன்று மனதில் பட்டது. அலவாங்கு, தாச்சி இரண்டும் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள். பாஸ் என்பது ஒல்லாந்தச் சொல், தலைவன் என்று பொருள். நாங்கள் தாளெல்லாம் வைத்து எழுதுகிற கந்தோரும் அவர்களுடையதுதான். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தார்கள். அந்த 140 வருடத்தைத் தேடித்தான் தோண்ட வந்திருக்கிறோம். அது எங்கள் வாயிலேயே இருக்கிறது.

அறை 4.2 மீற்றருக்கு 3.6 மீற்றர். சுவர் செம்பூராங்கல். இங்கே கபொக் என்பார்கள். வெட்டும்போது மிருதுவாக இருந்து காற்றுப் பட்டபின் இறுகும் கல். மேலேயிருந்த பொலித்தீனும் உடைந்த பிளாஸ்டிக் கதிரையும் அள்ளி முடிக்கவே பொழுது போயிற்று. ஒழுங்கையால் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "புதையலா?" என்று கேட்கிறார்கள். இன்றைக்கு மட்டும் ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னேன், சொல்லத்தான் வேண்டும். இந்த நாட்டில் அனுமதி இல்லாமல் புதையல் தேடித் தோண்டிக் கெடுத்த இடங்கள் கொஞ்சமல்ல. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. சட்டத்தை விடுங்கள், தோண்டினால் அந்த இடம் முடிந்தது. ஒரே தடவை மட்டும் வாசிக்கக்கூடிய ஏடு அது, வாசிக்க வாசிக்க எரிந்துகொண்டே போகும்.

மூன்றாம் நாள்

விடியவே மழை. தார்ப்பாய்க்கு மேல் தண்ணீர் தொட்டி கட்டி நின்றது. அக்கா எங்களை அனுப்பிவிட்டா. நான் நேரே தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

காலி மும்மொழிக் கல்வெட்டின் முன்னால் அரைமணி நேரம் நின்றேன். 1409 என்ற ஆண்டைத் தாங்கிய கல். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நிறுத்தியது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுத்து. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குச் சீன அரசன் அனுப்பிய காணிக்கைகளைச் சொல்கிறது: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய்... எழுத்து தேய்ந்து மங்கிப்போயிருக்கிறது. கண்ணாடியில்லாத சித்தி பஸ் பெயர்ப்பலகை வாசிக்கிறமாதிரி எழுத்தெழுத்தாகத் தேட வேண்டியிருந்தது.

இந்தக் கல் 1911இல் காலியில் அகப்பட்டபோது வாய்க்கால் மூடியாகக் கிடந்தது. நல்ல கல், தட்டையான கல், யாரோ எடுத்து வாய்க்காலுக்குப் போட்டிருக்கிறார்கள். முதலில் எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்தது. வெளியே வந்து மழைக்கு ஒதுங்கி பிளேன்ரீ குடித்தபோதும் அதே நினைவு. மூடியாகக் கிடந்ததால்தானே இத்தனை காலம் உடையாமல் கிடந்தது என்றும் தோன்றிற்று.

நாலாம் நாள்

ஆறேகாலுக்கு பஸ். ஏழுமணிக்குத் தார்ப்பாயிலிருந்து தண்ணீர் இறைத்தோம். எட்டுக்குக் கைவைத்தோம்.

அறையை இரண்டாகப் பிரித்து மேற்குப் பாதியை மட்டும் தோண்டுவது, கிழக்குப் பாதியைத் தொடாமல் விடுவது என்று முடிவு. அப்போதுதான் நடுவில் மண் ஒரு சுவராக நிற்கும். எந்த மண்ணுக்கு மேல் எந்த மண் வந்தது என்பதைக் கேக் வெட்டிய பக்கம் பார்க்கிறமாதிரிப் பார்க்கலாம். கடைசியாக விழுந்ததை முதலில் எடுக்க வேண்டும், முதலில் விழுந்ததைக் கடைசியாக. ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் இலக்கம், ஒரு பை, ஒரு தாள். மண் முழுவதும் அரிதட்டில் அரிபட வேண்டும்.

முதல் அடுக்கு கறுத்த மண்ணிறம். மீன்முள், சிப்பி, கரித்துண்டு, உடைந்த பீங்கான். இது வாசல் பக்கத்தில் உயரமாகவும் உள்ளே வரவரத் தாழ்ந்தும் கிடந்தது. வாசலில் நின்று உள்ளே கொட்டினால் இப்படித்தான் சரியும். ஆளில்லாத அறையை அயலவர்கள் குப்பை போடப் பாவித்திருக்கிறார்கள். பீங்கானில் நீல நிறத்தில் அச்சுப் படம் பதித்த ஆங்கிலத் துண்டுகளும் இருந்தன. அப்படிப் படம் பதிக்கும் முறை 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் இங்கிலாந்தில் பரவியது. ஆகவே இந்தக் குப்பை அநேகமாக ஆங்கிலேயர் காலத்தது.

அதற்குக் கீழே சுவர் ஓரங்களில் வெள்ளைப் பூச்சுச் செதில்கள். அதற்கும் கீழே ஓடு.

ஓடு கண்டதும் என் கை வேகமாயிற்று. பீலி ஓடு, அரைவட்டமாக வளைந்த பழைய ஓடு. மேற்குச் சுவரின் யன்னலுக்குக் கீழே ஒரு குவியலாகக் கிடந்தது. தாளில் நான் எழுதினேன்: "கூரை இடிந்து விழுந்த அடுக்கு." யோசிக்கவே இல்லை. கூரையில்லாத வீடு என்றால் எனக்கு வேறு எதுவும் தோன்றாது. வலிகாமத்தில் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அப்படி வீடுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

பாஸ் முட்டுக்கட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது விழுந்த கூரை இல்ல. இறக்குன கூரை" என்றார்.

"எப்பிடிச் சொல்லுறீங்கள் பாஸ்?"

"முழு ஓடு ஒண்ணாவது இருக்கா பாருங்க."

இல்லை. காலையிலிருந்து எடுத்ததில் ஒன்றுகூட முழுதாக இல்லை. கூரை ஒரேயடியாக விழுந்திருந்தால் அறை முழுவதும் பரவியிருக்கும், பத்துக்கு இரண்டாவது உடையாமல் தப்பியிருக்கும். இங்கே குவியல் ஒரே இடத்தில். யன்னலோரம் ஏணி வைத்து நல்ல ஓட்டைக் கைமாற்றி வெளியே கொடுத்து, உடைந்ததைக் காலடியில் போட்டிருக்கிறார்கள்.

"அப்ப ஆணி? கைமரத்து ஆணி எத்தன எடுத்தீங்க?"

அக்கா அதற்குள் வந்துவிட்டா. ஆணி இரண்டு, அதுவும் குப்பை அடுக்கில். மரமில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது, கொழும்பில் கறையான் விட்டு வைக்குமா என்று அவ மறுத்தா.

"கறையான் மரத்தத் தின்னும் மிஸ். ஆணியத் தின்னாது."

அக்கா பதில் சொல்லவில்லை. குனிந்து குவியலைப் பார்த்தா. பிறகு என்னிடம், "புள்ள, இதக் கையால மட்டும் எடு. ஒவ்வொண்டா. எது மேல, எது கீழ எண்டு எழுது" என்றா.

அடுத்த மூன்று மணி நேரம் அந்தக் குவியலோடுதான். மேலே ஓட்டுத் துண்டு, நடுவிலும் ஓட்டுத் துண்டு. அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, சுண்ணாம்புச் சாந்துக் கட்டிகள்.

ஒன்றைக் கழுவாமல் தூரிகையால் துடைத்துப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் கட்டி. மேற்பக்கம் கறுத்து, பாசி காய்ந்த சொரசொரப்பு; மழையையும் வெயிலையும் கண்ட பக்கம். மறுபக்கம் வழவழவென்று குழிவு. பீலி ஓட்டின் முதுகு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. உடைந்த ஓரத்தில் எரியாத சிப்பித்துணுக்கு ஒன்று மினுங்கியது. சாந்தை அமுக்கியவனின் பெருவிரல் வழுக்கிய தடம் ஓரமாக ஓடி நின்றது. அதை நான் பையில் போடாமல் கனநேரம் கையில் வைத்திருந்தேன்.

"முகட்டுச் சாந்து" என்றார் பாஸ். "கூரை பிரிக்கிறவன் முதல்ல முகட்டத்தான் ஒடைப்பான். அத ஒடச்சாத்தானே ஓடு கழரும். அதான் அது அடியில கெடக்கு. தானா விழுந்தா இப்படி வரிசையா வருமா?"

வராது. நான் எழுதியிருந்த வரியை ஒற்றைக் கோட்டால் வெட்டினேன். அழிக்கக்கூடாது, முதல் எண்ணமும் தாளில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பழக்கம். பக்கத்தில் புதிதாக எழுதினேன்: "கூரை இறக்கியபோது எறிந்த கழிவு. பாஸின் கருத்து." அக்கா வாசித்துவிட்டுக் கையொப்பம் வைத்தா. தொழிலாளி ஒருவரின் கருத்து அவருடையது என்றே பதியப்பட்டதில் எனக்கு நிறைவு. எத்தனையோ அகழ்வுகளில் மண்ணைத் தொட்டவர்களுக்குத் தெரிந்தது தாளுக்கு வராமலே போயிருக்கிறது.

பூச்சுச் செதில்கள் ஏன் ஓட்டுக்கு மேலே கிடந்தன என்பதும் இப்போது பொருந்தியது. கூரை போனபின் சுவர் நனைந்து பூச்சுக் கழன்றிருக்கிறது. ஓட்டுக்குக் கீழே இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பில் சாம்பல் நிற வண்டல் தெரிகிறது. ஒழுக்குத் தண்ணீர் தேங்கிப் படிந்தது. ஆக, கூரை இறக்கப்படுமுன் சில காலம் வீடு பராமரிப்பின்றி ஒழுகியிருக்கிறது.

மத்தியானம் சோற்றுப் பார்சல். அதன் பிறகு நடந்ததை எழுதாமல் விடலாம், ஆனால் விடமாட்டேன். வடமேற்கு மூலையில் மண் மெதுவாக இருந்தது. சாந்தகப்பை வெண்ணெயில் இறங்கியதுபோல இறங்கிற்று. சோர்வில் எனக்கு அது சுகமாக இருந்தது, மூன்று தாச்சி மண் அள்ளிவிட்டேன். அரிதட்டில் நின்ற மாணவன் ஒரு சோடா மூடியை நீட்டினான். துருப்பிடித்த, ஓரம் மடிந்த மூடி, உள்ளே தக்கை வட்டம் ஒட்டியபடி. அந்த வகை மூடி 1892இல்தான் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. என் பையிலோ அது ஓட்டு அடுக்கின் இலக்கத்தோடு இருந்தது.

பிந்திய காலத்தில் யாரோ வெட்டிய குழி அது. மேலிருந்து பழைய அடுக்குகளை ஊடுருவி இறங்கியிருக்கிறது. மண் மெதுவானபோதே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. குழி மண்ணும் அடுக்கு மண்ணும் ஒன்றாகிவிட்டன. அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவ ஏசவில்லை. மூன்று தாச்சிக்கும் புதுப் பை எடுத்து, பெரிய எழுத்தில் "கலந்தது" என்று எழுதித் தந்தா. அந்தப் பைக்குள்ளிருக்கும் எதையும் இனி எவராலும் ஒரு காலத்தில் வைத்துப் பேச முடியாது. அந்த ஒரு சொல்லைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

மிச்சப் பொழுது முழங்காலில் இருந்து குழியின் விளிம்பைத் தேடினேன். தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் விட்டால் குழி மண் கறுப்பாக ஈரம் பிடித்து நிற்கும், சுற்றியுள்ளது முதலில் காயும். விளிம்பு ஒரு வட்டமாக எழும்பி வந்தது. ஐந்து மணிக்கு அதை அளந்து வரைந்தபின்தான் எழுந்தேன்.

இரவு சித்தியிடம் கூரைக் கதையைச் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவ நிறுத்திவிட்டா.

"எங்கட வீடும் அப்பிடித்தான் பிள்ளை. செல் விழேல்ல. 90இல விட்டிட்டு ஓடினது, திரும்பிப் போய்ப் பாக்க இருபத்தஞ்சு வருசம். சுவர் அப்பிடியே நிக்குது. ஓடில்லை, தீராந்தியில்லை, யன்னலில்லை. ஆர் கழட்டினது எண்டு தெரியாது. அப்பு வைச்ச நிலை இருந்த இடத்தில, சுண்ணாம்பில, நிலைக்கால் மாதிரியே பள்ளம். நான் கைய வைச்சுப் பாத்தனான்."

கொஞ்ச நேரம் துருவல் சத்தம் மட்டும். பிறகு கேட்டா, "உங்கட அறைக்கு நிலை இருக்கோ?"

நான் கவனிக்கவில்லை. மூன்று நாளாக அந்த வாசலால்தான் போய்வருகிறேன்.

ஐந்தாம் நாள்

போனவுடன் வாசலைப் பார்த்தேன். இருக்கிற நிலை பிந்தியது. மெல்லிய பலகை, சீமெந்துப் பூச்சு. சீமெந்து வெடித்த இடத்தால் உள்ளே சுண்ணாம்பு தெரிந்தது. பாஸ் உளியால் ஒரு விரல் அகலம் மட்டும் தட்டிக் காட்டினார். பழைய நிலைக்கால் நின்ற பள்ளம், இப்போதைய நிலையைவிட இரண்டு மடங்கு தடிப்பானது. அதையும் கழற்றியிருக்கிறார்கள். அளந்தோம், படமெடுத்தோம்.

பத்துமணிக்கு வண்டலை உரித்துத் தரைக்குப் போனோம். எல்லோரும் சுற்றி நின்றார்கள். தரை இல்லை. சுண்ணாம்புப் படுக்கை மட்டும், அதில் வரிசை வரிசையாகச் சதுர அச்சு. தரையோட்டையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அங்கே ஒரு சிக்கல் தெரிந்தது, அக்காவிடம் கேட்டேன்: வண்டல் படிந்தது கூரை இருந்தபோது, வண்டல் இந்த அச்சுகளுக்கு மேலே கிடக்கிறது, அப்படியென்றால் தரையில் பதித்த ஓடு போனது கூரைக்கு முன்னால். அவ கொஞ்சம் யோசித்து, "ஓம். முதல்ல தரை, பிறகு ஒழுக்கு, பிறகு கூரை. ஒரே நாளில நடக்கல்ல. எழுது" என்றா. ஒரு வீடு ஒரு கிழமையில் பிரிபட்டது என்றுதான் நேற்றிரவு படுக்கும்போது நினைத்திருந்தேன்.

ஓர் ஓடு மட்டும் மிச்சம். வாசற்படிக் கல்லுக்குக் கீழே பாதி செருகியிருந்ததால் கிளப்ப முடியாமல் விட்டிருக்கிறார்கள். சிவப்பு, தேய்ந்து நடு குழிந்தது. ஓரத்தில் அலவாங்கு பட்ட வடு இரண்டு. பாஸ் குந்தி, சாணால் அளந்து, வடுவைத் தடவினார். "ரெண்டு தரம் போட்டுப் பாத்திருக்கான். வரல, விட்டுட்டான்."

பின்னேரம் மேகம் கறுத்தது. நடுச்சுவர் மண்ணின் படத்தை 1:10 அளவில் பாதி வரைந்து முடித்தேன். மிச்சப் பாதிக்கு முன்னால் தார்ப்பாய் கட்டியாயிற்று. வீட்டுக்கு வந்து நிலைக்கால் பள்ளத்தின் படத்தைச் சித்தியிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தொலைபேசியைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தா.

"எங்கட இன்னும் கொஞ்சம் அகலம்" என்றா.